ராஜினாமாவில் கையெழுத்துப் போடும் முன்: வேலை போனால் வரவேண்டிய பணம்

திருப்பூரில் செக்கிங் வேலை பார்த்த ஒரு அக்கா, 2025 தீபாவளி கழிந்த சில நாளில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து காட்டினார். ஏழு வருஷமாக ஒரே பனியன் கம்பெனி. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் வற்றிவிட்டது. போனஸ் கொடுத்த கையோடு ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா, அப்பத்தான் பி.எஃப். சீக்கிரம் எடுக்க முடியும்" என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். அவரும் போட்டுவிட்டார். அதில் இருந்தது ஒரே வரி: "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

பி.எஃப். எடுக்க ராஜினாமாக் கடிதம் எதற்கும் தேவையில்லை. தேவைப்பட்டது கம்பெனிக்கு. ஆள்குறைப்பு என்று எழுதினால் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளம். அதோடு வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. ஏழு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மூன்றரை மாதச் சம்பளம் ஆகிறது. அந்த ஒரு வரியில் அத்தனையும் போனது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. சட்டத்தின் பெயர் மாறியது. இந்த 15 நாள் கணக்கு மாறவில்லை. வேலையை விட்டு அனுப்பினால், அல்லது நீங்களே விலகினால், சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. "அடுத்த மாசம் பத்தாம் தேதி வாங்க" என்று சொல்ல இனி வழியில்லை. சொல்வார்கள், அது வேறு விஷயம்.

தாளை நீட்டினால் என்ன செய்வது? "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கொடுக்க மாட்டார்கள். போனில் படமாவது எடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்று உட்காரவைத்தால், அன்று மாலையே "விருப்பத்தின் பேரில் எழுதிக் கொடுக்கவில்லை, வேலை இல்லை என்று சொல்லி வாங்கினார்கள்" என ஒரு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் கம்பெனிக்கும் பகுதித் தொழிலாளர் அலுவலருக்கும் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்லும் அதே பேச்சை யாரும் நம்புவதில்லை. அன்றைய தேதி முத்திரை விழுந்த தபால் ரசீது பேசும்.

"ஆர்டர் வந்தால் கூப்பிடறோம்"

இதைவிட மோசமான வாக்கியம் இந்த ஊரில் இல்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை, வேலையும் இல்லை. நஷ்டஈடு கேட்டால் "உங்களை யாரு நிறுத்துனா?" என்பார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அலுவலகத்தில் கேட்டால் "நீங்க இன்னும் சர்வீஸ்லதானே இருக்கீங்க" என்பார்கள். இரண்டு பக்கமும் கதவு சாத்திய திண்ணையில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

சட்டம் இதை லே-ஆஃப் என்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு (12 மாதத்தில் 240 நாள் என்பது கணக்கு) லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் பாதி தரவேண்டும். எல்லாரும் விழும் குழி ஒன்று இதில் இருக்கிறது: தினமும் வேலை நேரத்துக்குக் கம்பெனிக்குப் போய் வருகையைப் பதிய வேண்டும். வீட்டில் இருந்துவிட்டால் பாதிச் சம்பளம் கிடையாது. "வராதீங்க, நாங்களே கூப்பிடறோம்" என்று அவர்கள் அன்பாகச் சொல்வது இதற்காகத்தான். போங்கள். கேட்டில் கையெழுத்துக் கேளுங்கள். நோட்டை மறுத்தால் வாசலில் நின்று போட்டோ எடுத்து, சூப்பர்வைசருக்கு வாட்ஸாப்பில் "இன்று வந்தேன், வேலை இல்லை என்றீர்கள்" என்று ஒரு வரி அனுப்புங்கள்.

பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பணத்தை வாங்குவது இன்னும் கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டாமல் காண்ட்ராக்டர் ஓடிவிட்டால் அந்தப் பொறுப்பு மூலக் கம்பெனியைச் சேரும். எந்தக் கம்பெனியின் கட்டடத்தில், எந்த மாதங்களில் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு ஐ.டி. கார்டோ கூலிச் சீட்டோ ஏதாவது ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இ.எஸ்.ஐ. தரும் பாதிக் கூலி, அது எப்படிப் பாதி ஆகாமல் போகிறது

அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. நம் ஆட்கள் வாயில் நுழையாத பெயர் என்பதாலேயே பாதிப் பேர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். "இ.எஸ்.ஐ.யில் வேலையில்லாப் பணம்" என்று கேளுங்கள். 2018 ஜூலையில் தொடங்கும்போது சராசரிக் கூலியில் 25 சதவீதம் கொடுத்தார்கள், கொரோனாக் காலத்தில் 50 ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறை. திட்டத்தைத் துண்டு துண்டாகத்தான் நீட்டித்து வருகிறார்கள். கடைசியாக 2026 ஜூன் 30 வரை. எனவே போகும் அன்று உயிரோடு இருக்கிறதா என்று 1800-11-2526இல் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதல் குழப்பம் எங்கே போவது என்பது. மருந்து வாங்கும் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே கதை. பணம் தருவது இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். ஆன்லைனில் இன்ஷூரன்ஸ் நம்பர் போட்டு உள்ளே போய் கிளெய்ம் போட வேண்டும். அதற்குக் கம்பெனி கையெழுத்து வேண்டியதில்லை. வேலை போய் 30 நாள் ஆகியிருக்க வேண்டும்.

தகுதி: வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். கடைசிச் சந்தாக் காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்று சந்தாக் காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தாக் காலம் என்பது ஏப்ரல்–செப்டம்பர் ஒன்று, அக்டோபர்–மார்ச் ஒன்று. ஆர்டர் குறைந்து மாதத்துக்கு எட்டு நாள், பத்து நாள் வேலை கொடுத்துத் தேய்த்து அனுப்பினார்களே, அவர்களுக்கு அந்தக் கடைசி 78 நாள் விழாது. வேலை குறைய ஆரம்பித்ததுமே நாள் கணக்கை எண்ணத் தொடங்குங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், விருப்ப ஓய்வு வாங்கியவர், ஸ்ட்ரைக்கிலோ லாக்-அவுட்டிலோ (கதவடைப்பு) இருப்பவர் கேட்க முடியாது.

அடுத்து, பாதிக் கூலி என்றதும் பாதிச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு சந்தாக் காலங்களின் மொத்தக் கூலியை 730 நாளால் வகுத்து, அதில் பாதி. மாதம் 12,000 என்று 24 மாதமும் முழுதாக வாங்கியவருக்கு ஒரு நாளைக்கு 197 ரூபாய். 90 நாளைக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம். இடையில் நான்கு மாதம் ஊருக்குப் போய் இருந்தவருக்கும் வகுப்பது அதே 730 ஆல்தான்.

பெரிய பொறி இன்னும் வரவில்லை. நீங்கள் வேலையில் இல்லை என்பதை இ.எஸ்.ஐ. கம்ப்யூட்டருக்குச் சொல்வது உங்கள் கம்பெனி. மாதச் சந்தாப் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே சுழியம் நாள் போட்டு, ஏன் சுழியம் என்று ஒரு காரணத்தையும் தேர்வு செய்ய வேண்டும். "விடுப்பில்", "வேலையை விட்டார்", "ஆள்குறைப்பு", "வேலை இல்லை" என்று அதில் தனித்தனியாக இருக்கின்றன. அந்த அக்காவுக்கு "விடுப்பில்" என்று போட்டிருந்தார்கள். தாளில் ராஜினாமா, கம்ப்யூட்டரில் விடுப்பு. கிளை அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். கம்பெனிக்குப் போனால் கணக்குப் பிள்ளை லீவு. எழுத்தில் கேட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலைக் கிளை மேலாளரிடம் கொடுத்து ரசீதுச் சீல் வாங்கிய பிறகுதான் அந்த ஒரு கட்டம் மாறியது. ஒரு கிளிக் வேலைக்கு இரண்டு மாதம்.

இன்னொன்று. வேலை போனதும் இ.எஸ்.ஐ. கார்டைத் தூக்கி எறியாதீர்கள். ஏப்ரல்–செப்டம்பர் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அதன் பலன் ஓடும். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. டிஸ்பென்சரியில் "வேலை இல்லாதவருக்குக் கிடையாது" என்றால் இதைச் சொல்லுங்கள்.

பி.எஃப்.: இனிஷியலில் மாட்டும் பணம்

2025 அக்டோபர் 13 அன்று பி.எஃப். மத்திய அறங்காவலர் வாரியம் விதியை மாற்ற முடிவெடுத்தது. வேலை போனதும் 75 சதவீதம் எடுக்கலாம், மீதி 25ஐ எடுக்கப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், பென்ஷன் பங்கை எடுக்க 36 மாதம். அதற்கு முன்பு ஒரு மாதத்தில் 75, இரண்டு மாதத்தில் மொத்தமும் என்று இருந்தது. பழைய கணக்கை நம்பி வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

கிளெய்ம் ரிஜெக்ட் ஆவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் பெயர். ஆதாரில் "முருகேசன் கே", பி.எஃப்.பில் "கே முருகேசன்", பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இதை வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். கம்பெனியை விட்ட பிறகு அவர்கள் ஒப்புதல் தேவைப்படும் திருத்தம் வந்தால், யாரிடம் கெஞ்சுவீர்கள்?

விலகிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆதார் ஓ.டி.பி. மூலம் போடலாம். தேதி கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் பையனிடம் விட்டுவிடாதீர்கள். தப்பாகப் போட்டால் நீங்களாகத் திருத்த முடியாது.

சம்பளத்தில் பிடித்தார்கள், கட்டினார்களா? 99660 44425க்கு உங்கள் பதிவு செய்த நம்பரிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் கடைசிச் சந்தாவும் இருப்பும் எஸ்.எம்.எஸ். வரும். இன்றே செய்யுங்கள். ஆர்டர் குறையும்போது சில முதலாளிகள் முதலில் நிறுத்துவது இதைத்தான்.

ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருந்து 50,000க்கு மேல் எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள். பான் இணைக்காவிட்டால் 20. முந்தைய கம்பெனிக் கணக்கை இதோடு மாற்றிச் சேர்த்தால் அந்த வருஷங்களும் கூடும், எனவே முதலில் சேருங்கள், பிறகு எடுங்கள். கம்பெனி மூடியதால் வேலை போனவருக்கு ஐந்து வருஷ நிபந்தனையே கிடையாது. அதற்கும் அந்த ராஜினாமாத் தாள் குறுக்கே நிற்கும்.

ஒன்பது வருஷம் முடித்தவர்கள் பென்ஷன் பங்கில் கை வைக்காதீர்கள். பத்து வருஷம் ஆனால் மாதப் பென்ஷன், ஒன்பதரையையே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வேலையில் ஆறு மாதம் போதும்.

பி.எஃப். பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் உங்கள் பேங்க் கணக்கில் விழுந்த பிறகு நிலைமை வேறு. தவணை பாக்கி இருக்கும் கணக்கே பி.எஃப்.புடன் இணைந்திருந்தால், பணம் காலையில் விழும், மதியம் வண்டிக் கடனுக்குப் போயிருக்கும். கிளெய்ம் போடும் முன் வேறு கணக்கை இணையுங்கள். வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் முதலில், கடன்காரரிடம் பேசுவது அப்புறம்.

கிளெய்மை 20 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. காரணமின்றித் தாமதித்தால் 12 சதவீத வட்டியைக் கமிஷனர் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அப்படிப் பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை. 21ஆம் நாள் ஆன்லைன் புகார் போடுங்கள். மாதம் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. ரிஜெக்ட் ஆன தாளோடு அங்கே போனால், போனில் கிடைக்காத பதில் நேரில் கிடைக்கிறது.

கிராஜுவிட்டி

வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரவேண்டிய பணிக்கொடை இது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருஷம் முடித்தவருக்கு உண்டு, ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி சேர்த்து 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குங்கள். அந்த அக்காவுக்கு 12,000. ஏழு வருஷத்துக்கு 48,461 ரூபாய். "ஐந்து வருஷம் முடிய நாலு மாசம் இருக்கே" என்று அனுப்பிவிட்டால், நான்கு வருஷத்துக்கு மேல் ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 1998இல் சொன்ன தீர்ப்பைக் காட்டுங்கள். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்குப் புதிய தொகுப்பில் ஒரு வருஷம் போதும்.

"எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று செட்டில்மென்ட் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் கிராஜுவிட்டி போகாது. 30 நாளில் தராவிட்டால் வட்டியோடு தரவேண்டும். தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கென்று கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார், அவரிடம் மனு. வக்கீல் கட்டாயமில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை தருகிறார்களே என்று கேட்பவர்களுக்கு: பட்டதாரிக்கே மாதம் 600 ரூபாய், அதுவும் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகு. இந்த மாத வாடகைக்கு அது உதவாது.

அக்காவுக்கு இ.எஸ்.ஐ. பணம் 90 நாளுக்கும் சேர்த்து வந்துவிட்டது. ஆள்குறைப்பு நஷ்டஈடு வரவில்லை, வரும் என்று நான் அவரிடம் சொல்லவும் இல்லை. கிராஜுவிட்டி மனுவில் கம்பெனி தரப்பு இரண்டு வாய்தா வாங்கியிருக்கிறது. மூன்றாவது வாய்தாவுக்குச் சம்பளச் சீட்டுகளை வருஷ வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம். 2021இன் ஐந்து மாதச் சீட்டு மட்டும் கிடைக்கவில்லை, அதற்கு பி.எஃப். பாஸ்புக்கைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம்.