ரத்தம் எடுத்துட்டுப் போனீங்களே, ரிசல்ட் எங்க?

வட சென்னைல ஆலைங்க நெறஞ்ச எண்ணூர், மணலி பக்கம் ஆராய்ச்சிக்குன்னு வர்றவங்களை கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன், ரிசல்ட்டைக் குடுக்க முடியாதுன்னா ஊசியை எடுக்காதீங்க. போன வாரம் ஒரு குப்பத்துல மூச்சு டெஸ்ட் எடுக்கப் போனோம், பாதி வீட்ல கதவே திறக்கல. ஒரு அக்கா வாசல்லயே நிறுத்தி, "முன்ன வந்தவங்க ஈயம் இருக்கா பாக்குறேன்னு புள்ள கைல ரத்தம் எடுத்துனு போனாங்க, இன்னா வந்துச்சுன்னு இன்னி வரைக்கும் சொல்லல"ன்னாங்க. இது முதல் வாட்டி இல்ல, அதான் எழுதுறேன்.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே அது எங்கருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021லயே சொல்லிடுச்சு, இங்க ரிப்போர்ட் யாரோட ஃபைல்லயோ தூங்குது, புள்ள அதே வீட்லதான் வளருது.

ஏன் சொல்லலன்னு ஆராய்ச்சி பண்றவங்களைக் கேட்டா "அவங்களுக்குப் புரியாது டாக்டர், பயந்துடுவாங்க"ன்னு ஒரு பதில். யாருக்குங்க புரியாது? 2023 டிசம்பர் வெள்ளத்துல முகத்துவாரம் வரைக்கும் எண்ணெய் வந்தப்ப பக்கெட்ல மொண்டு எடுத்தது இந்த மீனவங்கதான். அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிஞ்சப்ப பெரியகுப்பத்துல புள்ளைங்களைத் தூக்கினு ஓடினவங்க இவங்கதான். கொசஸ்தலை ஆத்துல அனல் மின் நிலையச் சாம்பல் சேந்து எங்க ஆழம் குறைஞ்சுதுன்னு எந்த மேப்பும் இல்லாம காட்டுவாங்க. ஒண்ணுமே சொல்லாம விட்டாதான் பயம் ஜாஸ்தியாகும், அடுத்து வர்ற டீமுக்கும் கதவு சாத்திடும்.

காத்து மாசு அளக்குற மெஷினை எங்க வெக்கிறதுன்னும் இவங்களைக் கேளுங்க. ஏதோ ஆபீஸ் மொட்டை மாடில வெச்சு 24 மணி நேர சராசரி எடுத்தா ராத்திரி ரெண்டு மணி நேரம் அடிக்கிற நாத்தம் அதுல கரைஞ்சே போயிடும் (எங்க ஆளுங்களே அடிக்கடி கோட்டை விடுற இடம் இது). கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைல 2004லயே ஊர்க்காரங்க பக்கெட் வெச்சு காத்து சாம்பிள் எடுத்தாங்க, எப்போ எடுக்கணும்னு அவங்க மூக்குக்குத் தெரிஞ்சுது. விடிகாலைல கடலுக்குப் போயிட்டு வந்து அசந்து தூங்குறவரை பதினோரு மணிக்கு எழுப்பி ஃபார்ம் ஃபில் பண்ணச் சொல்லாதீங்க.

குப்பத்து ஜனங்களே, நீங்களும் சும்மா கைய நீட்டாதீங்கம்மா. யார் பணம் குடுக்குறாங்க, ரத்தம் எந்த லேபுக்குப் போகுது, ரிசல்ட் எப்ப வரும்னு கேளுங்க. ஃபார்மைத் தமிழ்ல படிச்சுக் காட்டச் சொல்லுங்க, ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 விதியே அதுதான், யாரும் உங்களுக்குப் பண்ற உபகாரம் இல்ல. பிடிக்கலன்னா பாதியில விலகிடலாம், அதுக்காக உங்க வைத்தியத்தை யாரும் நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே ரத்தம் குடுத்து ரிசல்ட் வராதவங்க அந்த ஃபார்ம்ல இருக்குற நம்பருக்கு இன்னிக்கே போன் போடுங்க, குழந்தை ரத்தம்னா நாளைக்குன்னு தள்ளாதீங்க.