கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழிக் குஞ்சு ஏன் தங்குவதில்லை?

நாட்டுக்கோழியோடு நாலைந்து வான்கோழியையும் சேர்த்து வளர்ப்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரே அனுபவம்தான். முதல் மாதம் குஞ்சுகள் நன்றாக ஓடும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, ஓரமாக நிற்கும். எச்சம் கந்தகப் பொடியைக் கரைத்துவிட்டதுபோல் மஞ்சளாக வரும். இரண்டு மூன்று நாளில் அது சாகும், அடுத்தது நிற்கும். அதே முற்றத்தில் மேய்கிற கோழிகளுக்கு ஒன்றும் ஆகாது. "வான்கோழி நமக்கு ஒத்துவராது" என்று வளர்ப்பையே கைவிட்டுவிடுகிறார்கள்.

குறை வான்கோழியிடம் இல்லை. அந்த மண்ணில் கோழி விட்டுவைத்த ஒன்றுதான் குஞ்சைக் கொல்கிறது. அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், இரண்டையும் ஒரே தோட்டத்தில் வளர்க்க வழி இருக்கிறது.

நோயின் பெயர் கருந்தலை நோய். காரணம் ஹிஸ்டோமோனாஸ் மெலியாகிரிடிஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. அமெரிக்க ஆய்வாளர் தியோபால்ட் ஸ்மித் 1895இல் இதை விவரித்தார். அப்போதே ஒரு புதிர் இருந்தது. எச்சத்தோடு வெளியே விழும் இந்த உயிரி சில மணி நேரத்துக்குமேல் பிழைப்பதில்லை, காய்ந்தால் உடனே சாகும். ஆனால் பறவையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்த நிலத்தில் புதிதாக விட்ட வான்கோழிகளுக்கும் நோய் வந்தது. விடை 1920இல் கிடைத்தது. ஸ்மித்தும் கிரேபிலும் சேர்ந்து, கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஒரு புழுவின் முட்டைகளை வான்கோழிக்குக் கொடுத்து நோயை வரவழைத்துக் காட்டினார்கள்.

அந்தப் புழு ஹெட்டராகிஸ் கேலினேரம். வெள்ளையாக, நூல் துண்டுபோல, பெண் புழு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். குருட்டுக்குடல் என்பது பறவையின் குடல் முடிவில் இரட்டையாகத் தொங்கும் பைகள். கோழிக்கறி வெட்டும்போது கரும்பச்சைக் கசடோடு வருமே, அதுதான். அங்கே ஹிஸ்டோமோனாஸும் இருந்தால் புழு அதைத் தின்கிறது. தின்னப்பட்ட உயிரி செரிக்காமல் புழுவின் கருப்பைக்குப் போய், உருவாகிக்கொண்டிருக்கும் முட்டைகளுக்குள் நுழைந்துவிடுகிறது. முட்டையின் தடித்த ஓடு அதற்குக் கவசமாகிவிடுகிறது.

எச்சத்தோடு மண்ணில் விழும் முட்டைக்குள், ஈரமும் வெப்பமும் இருந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இளம்புழு வளர்ந்துவிடும். நிழலான ஈர மண்ணில் அந்த முட்டை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். மண்புழு அதை விழுங்கினால், முட்டை பொரிந்து இளம்புழு மண்புழுவின் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். மழை பெய்து மண்புழு மேலே வந்ததும் கொத்தித் தின்னும் பறவைக்கு ஒரே வாயில் பெரிய அளவில் தொற்று ஏறிவிடுகிறது. மழைக்குப் பிந்தைய வாரங்களில் சாவு கூடுவதற்கு இதுதான் முக்கியக் காரணம். வீட்டோரத்தில் மண்புழு உரக்குழி வைத்திருந்து அதில் கோழி கிளறினால், மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுகூட இல்லை.

பறவையின் குடலில் இளம்புழு வெளிவந்து குருட்டுக்குடலை அடைந்ததும் ஹிஸ்டோமோனாஸ் விடுபட்டு குடல் சுவரைத் துளைக்கிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்களின் துணை இல்லாமல் இதற்குப் பெரிய கேடு செய்ய முடியாது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த வான்கோழிகளுக்கு வழக்கமான நோய் வரவில்லை என்று 1960களில் சோதனைகள் காட்டின. சுவர் புண்ணாகி, குடலுக்குள் பாலாடைக்கட்டி போன்ற கெட்டியான கசடு அடைக்கும். பிறகு ரத்தத்தின் வழியே கல்லீரலுக்குப் போகும். தொற்று உள்ளே போய் ஒன்று, இரண்டு வாரத்தில் பறவை வாடத் தொடங்கும். கல்லீரல் கெடுவதால்தான் எச்சத்தில் அந்த மஞ்சள்.

கோழியில் இதே உயிரி பெரும்பாலும் குருட்டுக்குடலோடு நின்றுவிடும், புண்ணும் ஆறிவிடும். இளம் கோழிக் குஞ்சு சிலவேளை இளைக்கும், பெரிய கோழியில் வெளியே தெரியவே தெரியாது. ஆனால் புழு நன்றாகப் பெருகுவது கோழியில்தான், வான்கோழியின் உடலில் அது அவ்வளவாகச் செழிப்பதில்லை. நோயில் சாகிற பறவை ஒன்று, நோயை நிலத்தில் நிலைநிறுத்தும் பறவை வேறொன்று. கினிக்கோழியும் இந்தப் புழுவைச் சுமக்கும் என்பதால் அதையும் கோழியின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

வான்கோழி மந்தைக்குள் மட்டும் இன்னொரு வழி உண்டு. ஒரு பறவைக்கு வந்துவிட்டால், ஈரமான எச்சத்தின்மேல் மற்றது உட்காரும்போது ஆசனவாய் வழியாகவே உயிரி உள்ளே இழுக்கப்படுகிறது. அங்கே புழு முட்டை தேவையே இல்லை. நோயுற்றதை அன்றைக்கே பிரிக்கச் சொல்வது இதனால்தான். பட்டியில் 80 சதவீதத்துக்கு மேல் சாவதும் உண்டு.

மயிலுக்கும் இது பொருந்தும். கோழி, வான்கோழி, மயில் மூன்றும் ஒரே பறவைக் குடும்பம். கருந்தலை நோயில் கடுமையாக அடிபடும் பறவைகளில் மயிலும் ஒன்று. மயில் வளர்க்க அனுமதி உள்ள வெளிநாடுகளில், மயில் முட்டையைக் கோழியின்கீழ் அடைவைத்து, குஞ்சைக் கோழியோடு தரையில் மேயவிடுபவர்கள் இதே இழப்பைத்தான் சந்திக்கிறார்கள். அதனால் தெரிந்தவர்கள் இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைத்துப் பொரித்து, குஞ்சை முதல் சில மாதம் கம்பிவலைத் தளத்திலேயே வளர்க்கிறார்கள். நம் நாட்டில் மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையை எடுத்து வந்து கோழியின்கீழ் வைப்பதும், குஞ்சைப் பிடித்து வளர்ப்பதும் குற்றம். எனவே இனி சொல்லும் வளர்ப்பு முறை வான்கோழிக்கு. மயில் நம் தோட்டத்துக்குத் தானாக வரும் விருந்தாளி, அதைப்பற்றிக் கடைசியில்.

அடைவைப்பதிலிருந்து தொடங்குவோம். வான்கோழி முட்டைக்கு 28 நாள், கோழி முட்டைக்கு 21 நாள். இரண்டையும் ஒரே கோழியின்கீழ் வைப்பதானால், வான்கோழி முட்டையை முதலில் வைத்து ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்க்க வேண்டும். வான்கோழி முட்டை ஏறக்குறைய 80 கிராம் இருக்கும். நாட்டுக்கோழி அதில் எட்டுக்குமேல் அணைக்காது, ஓரத்தில் கிடப்பது சூடு போதாமல் கூமுட்டையாகும். அடைக்கு உட்காரும் கோழிக்கு முன்கூட்டியே குடற்புழு நீக்கம் செய்துவிட வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதன்பின் மூன்று நாளும் அதைத் தனியே அடைத்து, எச்சத்தை அள்ளி ஆழமாகப் புதைக்க வேண்டும். செத்து வெளியேறும் புழுவின் வயிற்றில் முட்டை நிறைய இருக்கும். பொரித்ததும் குஞ்சைத் தாய்க்கோழியிடம் விடாமல், பல்பு வைத்துச் சூடு கொடுக்கும் குஞ்சுக் கூண்டான புரூடருக்கு மாற்றுவதுதான் பாதுகாப்பு. கோழி காலால் கிளறித் தீனி காட்டிக் கொடுக்கும் மண்ணில்தான் புழு முட்டையும் கிடக்கிறது.

புரூடரில் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் ஒரு பல்பு போதாது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தரையில் செய்தித்தாள் விரிக்க வேண்டாம், வழுக்கிக் கால் அகன்றுவிடும். சாக்கு விரித்தால் பிடிமானம் இருக்கும்.

வான்கோழிக் குஞ்சு முதல் சில நாள் தீனியையே கண்டுகொள்ளாமல் பட்டினியில் செத்துப்போகும். இதற்குப் பால்வளம் உள்ள நம் பகுதியில் எளிய வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை என்று 15 நாள் வரை கொடுக்கலாம். ஐந்து வான்கோழிக் குஞ்சுக்கு ஒரு கோழிக் குஞ்சு என்று கூடவே விட்டால், அது கொத்துவதைப் பார்த்து மற்றவையும் கொத்தும். கோழியைப் பிரிக்கச் சொல்லிவிட்டு இப்படிச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். இன்குபேட்டரில் பொரித்த ஒருநாள் குஞ்சு மண்ணை மிதிக்கவில்லை, அதன் குடலில் புழு கிடையாது. பத்து நாள் கழித்து அதைப் பிரித்துவிட்டால் போதும்.

தீனியில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரம் 28 சதவீதம் புரதம் வேண்டும், நியாசின் வைட்டமினும் கோழிக் குஞ்சைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். 20 சதவீதப் புரதமுள்ள கோழிக் குஞ்சுத் தீனியிலோ, கேழ்வரகும் கம்பும் மட்டும் போட்டோ வளர்த்தால் கால் வளையும். கருவாட்டுத்தூள், சோயாப் புண்ணாக்கு, கரையான் எல்லாம் புரதத்துக்கு உதவும். கரையான் பானையைக் கோழி மேயாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். இரண்டாவது தவறு இதைவிட மோசமானது. ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சில பிராய்லர் தீனிகளில் சாலினோமைசின், நராசின் சேர்த்திருப்பார்கள். கோழிக்கு நல்ல மருந்து, வான்கோழிக்கு விஷம். கால் விழுந்து, படுத்த படுக்கையாகிச் சாகும். மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் பிரிக்கக் கூடாது.

புரூடரை விட்டு வெளியே வந்ததும், பன்னிரண்டு வாரம் வரை, தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் கம்பிவலைத் தளம் போட்ட பட்டிதான் சரி. சின்னக் குஞ்சுக்கு அரை அங்குலக் கண், பிறகு முக்கால் அங்குலம். நான்கு வாரம் வரை குஞ்சு ஒன்றுக்கு ஒன்றேகால் சதுர அடியும், அதன்பின் இரண்டரை சதுர அடியும் இடம் வேண்டும். எச்சம் கீழே விழுந்துவிடுவதால் வாயில் படாது. இத்தனையும் செய்துவிட்டுப் பட்டியின் கூரைமேல் கோழியை ராத்தங்க விட்டால் எல்லாம் வீண். கூரைக்குச் சாய்வும், மேலே தகரமும் அவசியம். கீழே கோழி நுழையாமல் சுற்றிலும் வலை அடிக்க வேண்டும். துடைப்பம், மண்வெட்டி, தண்ணீர்க் குடுவை எல்லாம் வான்கோழிக்குத் தனி. காலையில் முதலில் வான்கோழிக்குத் தீனி வைத்துவிட்டு, அப்புறம் கோழிப் பக்கம் போங்கள். செருப்பு அடியில் ஒட்டும் ஈர மண் ஒரு பிடி இருந்தாலே போதும்.

பெரிதானதும் தரையில் விடுவதானால், அந்த இடத்தில் சில ஆண்டுகளாகக் கோழி மேய்ந்திருக்கக் கூடாது. சுண்ணாம்பு தூவினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம், இந்தப் புழு முட்டையின் ஓட்டை அது நம்பும்படி அழிப்பதில்லை. உலர்ச்சியும் நேர் வெயிலும்தான் முட்டைக்கு எதிரி. மர நிழல், தொட்டியோரம், சாக்கடை ஈரம் ஆகியவையே மோசமான இடங்கள். புளியமரத்தடியில் பட்டி போடுவது பறவைக்குக் குளிர்ச்சி, முட்டைக்கும் அதே குளிர்ச்சி. பட்டி வெயிலில் இருக்கட்டும், நிழலுக்குக் கீற்றுப் பந்தல் போட்டு அவ்வப்போது இடம் மாற்றலாம்.

கோழிகளுக்குக் குடற்புழு நீக்கம் தவறாமல் நடக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பைப்பரசின் பெரிய உருளைப்புழுவைத் தள்ளும், குருட்டுக்குடல் புழுவை அவ்வளவாகத் தொடாது. மருந்து கொடுத்தும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கொடுத்திருப்பார்கள். ஃபென்பென்டசோல் இரண்டையும் நீக்கும். கோழிக்கு எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம், தண்ணீரில் கரையும் வகையைத் தொடர்ந்து ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். உங்களிடம் இருக்கும் மருந்தின் அளவையும், முட்டை, கறி விற்காமல் இருக்க வேண்டிய நாட்களையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போன புழு வளர்ந்து முட்டையிட நான்கு வாரம் ஆகும் என்பதால், மழைக்காலத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருப்பது பயன்படாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ வேறெங்கோ புதிதாக வாங்கிய பறவையை மூன்று, நான்கு வாரம் தனியே வைத்து, புழு நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

நோய் வந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. தடுப்பூசி விற்பனையில் கிடையாது. வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் இந்த உயிரியைக் கொல்லாது. அதைக் கொல்லும் நைட்ரோஇமிடசோல் வகை மருந்துகளை உணவுப் பறவைகளுக்குக் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் தடை செய்துவிட்டன. அமெரிக்காவில் எஞ்சியிருந்த நைட்டார்சோன் என்ற ஆர்சனிக் வகை மருந்தும் 2015 இறுதியில் விலக்கப்பட்டது.

மஞ்சள் எச்சத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, பட்டினி கிடந்த பறவைக்கும் நிறம் மாறும். ஒன்று இரண்டு செத்திருந்தால் கால்நடை மருத்துவமனையில் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரலில் ஓரம் மேடாகவும் நடு குழிவாகவும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வட்டங்கள், குருட்டுக்குடல் விரல்போல் தடித்து உள்ளே கெட்டிக் கசடு, இரண்டும் சேர்ந்திருந்தால் இதுதான். பறவைகள் ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் கையால் தொடாமல், அறுக்காமல், 1962 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். அது பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும்.

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கக் காட்டோரத் தோட்டங்களில் மயில் கோழித்தீனிக்கு வருவது வாடிக்கை. நம் கோழி கிளறிய ஈர மண்ணில் அதுவும் மண்புழு கொத்துகிறது. கருந்தலை நோயைப்போல், கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சலும் மயிலைத் தாக்கும். ஆகவே தீனியை வெளியே இறைக்காமல் கூரைக்குள் தொட்டியில் வைத்து, மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தை, மாசியில் கால்நடைத்துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு எல்லாக் கோழிகளையும் கொண்டுபோங்கள். பயிருக்கு மயில் தொல்லை என்றால் வலை கட்டுங்கள். மருந்து கலந்த தானியம் வைப்பது சிறைக்குப் போகும் குற்றம், அதைத் தின்பது மயில் மட்டுமல்ல. உழும்போது கடலைக்காட்டு வரப்பில் மயில் முட்டை தென்பட்டால், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு உழுதுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஈடு நாலு முதல் எட்டு முட்டை இருக்கும். கடைசி முட்டை இட்ட பிறகு தாய் ஒரு மாதம்போல் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் இரண்டு வாரத்துக்குள் தாயோடு மரக்கிளைக்கு ஏறிவிடும்.