சார்ஜ் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

"போன்ல சார்ஜ் இல்ல." "பஸ் சார்ஜ் கூடிப்போச்சு." "புது ஆபீசர் இன்னைக்குச் சார்ஜ் எடுத்துட்டார்." எல்லாம் ஒரே ஆங்கிலச் சொல்தான். தமிழில் எழுத உட்கார்ந்தால் மின்னேற்றம், கட்டணம், பொறுப்பு என்று தனித்தனியாகப் பிரிகிறது.

சொல் பிறந்தது வண்டியில். லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவதற்கு 'கர்ரிக்காரே' என்றார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சார்ஜ் ஆனது. கார், கார்கோ இரண்டும் இதன் சொந்தங்கள். பாரம் ஏற்றுதல் என்ற இந்த வேரைப் பிடித்துக்கொண்டால் போதும். பணத்தை ஒருவர் தலையில் ஏற்றினால் கட்டணம், வேலையை ஏற்றினால் பொறுப்பு, பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். 1740களின் பிற்பாதியில் மின்சாரத்தை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் இந்தச் சொல்லை அங்கேயும் கொண்டுவந்தார்.

தமிழும் இதே சுமையை வைத்துத்தான் யோசித்திருக்கிறது. குற்றம் 'சுமத்துகிறோம்', பதவி 'ஏற்கிறோம்'. பொறுப்பு என்ற சொல்லிலேயே 'பொறு' இருக்கிறது. அதற்குத் தாங்குதல், சுமத்தல் என்ற பொருள் உண்டு. வண்டியிலிருந்து கடன் வாங்காமலே நமக்கு வாய்த்த சொற்கள் இவை.

அரசு ஊழியர்கள் அஞ்சும் 'சார்ஜ் மெமோ' தமிழில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. போலீஸ் தாக்கல் செய்யும் சார்ஜ் ஷீட் குற்றப்பத்திரிகை. அதன்பின் நீதிமன்றம் எந்தெந்தக் குற்றத்துக்காக விசாரிப்பது என்று முறைப்படி வகுப்பதற்குக் குற்றச்சாட்டு வனைதல் என்று பெயர். குயவர் பானை வனைகிற அதே வனைதல். எனக்கு மிகவும் பிடித்த சட்டச் சொல் இது. லத்தி சார்ஜ் மட்டும் போர்க்களத்தில் பாய்ந்து தாக்கும் பொருளிலிருந்து வந்தது. அதற்குத் தடியடி கச்சிதமாக இருக்கிறது.

இயற்பியலுக்கு வந்தால், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம் என்கின்றன. இலங்கையில் ஏற்றம், மின்னேற்றம். எனக்கு இலங்கைச் சொல்தான் நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் பேச்சில் நாமும் அதையே சொல்கிறோம். "சார்ஜ் ஏறுதா?", "சார்ஜ் இறங்கிடுச்சு" என்று பெயரைக் கடன் வாங்கினாலும் வினையை விடவில்லை. என் அம்மா போனை வயரில் செருகிவிட்டு, திரையில் பேட்டரிப் படம் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஏறுதான்னு பாரு" என்பார். சார்ஜ் என்ற சொல்லே அதில் இருக்காது.