பாதை பிரியும் இடத்தில் கரண்ட் எங்கே போகிறது?

1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் போன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் திரும்பி வந்தது. அது டீசலில் ஓடுகிற வண்டி. அதன் எஞ்சினுக்குத் தண்டவாளம் கரண்ட் கொடுப்பதில்லை. மேசைமேல் ஓடும் மாதிரி ரயிலுக்கோ தண்டவாளங்கள்தான் வயர்கள். வழக்கமான 12 வோல்ற் நேரோட்ட அமைப்பில் ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. சக்கரங்கள் கரண்டை எடுத்து மோட்டருக்குக் கொடுக்கின்றன.

சிக்கல், பாதை இரண்டாகப் பிரியும் பொயின்ற்றில் தொடங்குகிறது. பாதை பிரிய வேண்டுமானால் நேர்முனைத் தண்டவாளமும் எதிர்முனைத் தண்டவாளமும் ஓரிடத்தில் குறுக்கிட்டே ஆக வேண்டும். அப்படிக் குறுக்கிடும் இடம்தான் மூக்கு. அதைச் சிலர் பிளாஸ்ரிக்கில் செய்துவிடுகிறார்கள். நீளமான எஞ்சின் அதைத் தாண்டிவிடும், நாலு சக்கரக் குட்டி எஞ்சின் அதிலேயே நின்றுவிடும். இன்னொரு வகையில் மூக்கு உலோகம். பாதை மாறும்போதெல்லாம் அதன் மின்முனையும் (நேர், எதிர்) மாற வேண்டும்.

பல பொயின்ற்றுகளில் அந்த மாற்றத்தைச் செய்வது, பாதையை மாற்ற நகரும் தண்டவாளத் துண்டான நாக்கு, பக்கத் தண்டவாளத்தில் போய் ஒட்டுவது மட்டும்தான். ஒரு மணல் துணுக்கு போதும், தொடர்பு அறுந்துவிடும். மூன்று பக்கமும் கடல் உள்ள நம் குடாநாட்டில் உப்புக் காற்றும் புழுதியும் சேர்ந்து உலோகத்தை மங்க வைப்பதைச் சொல்லவே வேண்டாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லோரும் மல்டிமீற்றரைத்தான் எடுப்பார்கள். ஆனால் அது இங்கே ஏமாற்றும். மீற்றர் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் அழுக்கேறிய தொடர்பிலும் முழு 12 வோல்ற் காட்டும். எஞ்சின் ஏறியதும் வோல்ற்றளவு விழுந்துவிடும். மோட்டார் சைக்கிள் மீற்றருக்குள் இருக்கும் 12 வோல்ற், 3 வோற்ஸ் பல்ப் எனக்கு இதைவிட நம்பகமானது. அது கால் அம்பியர் இழுக்கும், சிறிய எஞ்சின் போலவே. கரண்ட் வரும் இடத்திலிருந்து இணைப்பான்களைத் தாண்டி, நாக்குவரை இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். எங்கே மங்குகிறதோ அதற்குச் சற்று முன்னால்தான் பழுது. நாக்கை ஈர்க்குக் குச்சியால் அழுத்தும்போது பல்ப் பளிச்சிட்டால் சந்தேகமே இல்லை. பொயின்ற் மறுபக்கம் திரும்பியிருக்கையில் கிளைப்பாதை கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்தால் அது பழுதல்ல; சில வகைகளை வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள்.

ஐசோபுரோபைல் அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரிவரும். மண்தாள் வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகத் தங்கும். நிரந்தரத் தீர்வு, நாக்கையும் பக்கத் தண்டவாளத்தையும் மெல்லிய வயரால் ஈயம் வைத்து இணைப்பது. மூக்கு உலோகமானால் முதலில் அதை நாக்கிலிருந்து வெட்டிப் பிரித்து, தனி ஸ்விட்ச் வழியாகக் கரண்ட் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நேரே ஷோர்ட்தான்.