ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை: அந்த இரண்டாவது கிளிக் யாருக்கு?

கல்லூரி ப்ராஜெக்ட் செய்கிறவர்களும் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரே பட்டனை முதலில் அழுத்தினால் எடிட், மறுபடி அழுத்தினால் சேவ் என்று மாற்றுவது எப்படி? விண்டோஸ் ப்ரோக்ராம்களுக்குத் திரை அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் இதற்கு நாலு வரி போதும். பட்டனை அழுத்தியதும் ஓடும் கோடுக்குள், அதாவது கிளிக் ஈவென்ட்டுக்குள், ஓர் இஃப் நிபந்தனை போட்டு, பட்டனின் டெக்ஸ்ட் 'எடிட்' என்றிருந்தால் பெட்டிகளைத் திறந்துவிட்டு டெக்ஸ்டை 'சேவ்' ஆக்குங்கள், இல்லையென்றால் சேமித்துவிட்டுப் பழையபடி 'எடிட்' ஆக்குங்கள், அவ்வளவுதான். சொல்லித்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த ப்ரோக்ராம் கடையில் போய் ஓட ஆரம்பித்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு மருந்துக்கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். சரக்கு ஏற்றும் திரையில் ஒரே ஒரு பட்டன். புதிதாக அடிக்கும்போது அது 'சேவ்', சேமித்து முடித்ததும் அதே இடத்தில் 'டெலீட்'. தப்பாகப் போட்டிருந்தால் உடனே அழித்துக்கொள்ளலாம், திரையில் இடமும் மிச்சம் என்று எழுதியவர் நினைத்திருப்பார். கடைக்காரரோ "போடுற சரக்கு தானா காணாமப் போகுது சார்" என்கிறார். வைரஸாக இருக்குமோ, கம்ப்யூட்டர் பழசாகிவிட்டதோ என்று ஆரம்பித்துக் கடைசியில் வேலைக்கிருந்த பையன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவன் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: திரையில் எதைக் கண்டாலும் டபுள் கிளிக் செய்கிறான். டெஸ்க்டாப் ஐகானை அப்படித்தானே திறக்கப் பழகியிருக்கிறோம், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விண்டோஸ் ஃபார்ம்ஸ் பட்டனில் டபுள் கிளிக் செய்தால் தனியாக ஒரு டபுள் கிளிக் ஈவென்ட் வராது, சாதாரண கிளிக் ஈவென்ட்டே இரண்டு முறை வரும். விண்டோஸில் டபுள் கிளிக்குக்கு வழக்கமாக வைத்திருக்கும் இடைவெளி 500 மில்லி செகண்ட், அதாவது அரை நொடி. அந்த அரை நொடிக்குள் முதல் கிளிக் சேமித்தது, இரண்டாவது கிளிக் அழித்தது. நிச்சயமா என்று கேட்கும் பெட்டி வைத்திருந்தார்களே என்றால், ஆமாம், வைத்திருந்தார்கள், ஆனால் அதில் முன்கூட்டியே தேர்வாகி நின்றது 'யெஸ்'. வரும் பெட்டிக்கெல்லாம் எண்டர் தட்டிப் பழகிய கை, அதற்கும் தட்டிவிட்டது.

டபுள் கிளிக் பழக்கமே இல்லாதவருக்கும் இதே கதி வரலாம். சேவ் அழுத்துகிறார், டேட்டாபேஸ் நெட்வொர்க்கில் வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, மூன்று நான்கு நொடி திரை அசையவில்லை. யாராக இருந்தாலும் இன்னொரு தடவை அழுத்துவார்கள். உங்கள் ப்ரோக்ராம் சேமிப்பு வேலையில் மூழ்கியிருக்கும்போது வந்த அந்த கிளிக்கை விண்டோஸ் தூக்கிப் போட்டுவிடாது, வரிசையில் நிறுத்தி வைக்கும். வேலை முடிந்து நீங்கள் பட்டனை 'டெலீட்' ஆக்கிவிட்டு வெளியே வந்ததும் வரிசையில் நின்ற கிளிக் உள்ளே வருகிறது. அழுத்தியவர் மனதில் இருந்தது சேவ், அது போய் விழுவது டெலீட்டில். "ஆரம்பத்திலேயே எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கி பட்டனை முடக்கி, முடிவில் ட்ரூ ஆக்கியிருக்கிறேனே" என்று பலர் சொல்வார்கள். அது உதவாது, ஏனென்றால் கிளிக் பரிசீலனைக்கு வரும் நேரத்தில் பட்டன் மறுபடி ட்ரூ ஆகியிருக்கும். திரையை நிறுத்தி வைக்காமல் சேமிப்பு நடக்கும்படி அசிங்க், அவெய்ட் போட்டு எழுதினால்தான் இடையில் வரும் கிளிக்குகள் முடங்கிய பட்டன் மேல் விழுந்து அங்கேயே கழிந்துபோகும்.

அப்புறம் பார்கோடு ஸ்கேனர். கடைகளில் இருக்கும் பெரும்பாலான ஸ்கேனர்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டாகத்தான் தெரியும், எண்களை அடித்துவிட்டு ஓர் எண்டரும் தட்டும். உங்கள் பட்டனை அழுத்திய பிறகு ஃபோகஸ், அதாவது கீபோர்டில் அடிப்பது போய்ச் சேரும் இடம், அந்த பட்டன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பையன் அடுத்த பொருளை ஸ்கேன் செய்கிறான், எண்கள் காற்றில் போய் எண்டர் மட்டும் பட்டனை அழுத்துகிறது. இதைப் பிடிக்க ஒரு நாள் முழுக்கத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஃபோகஸைப் பொருள் எண் பெட்டிக்குத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.

ஒரே குமிழுக்கு இரண்டு வேலை கொடுப்பதன் விலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விமானத் துறையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1992 ஜனவரி 20 அன்று பிரான்ஸில் லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போன ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 தரையிறங்கும் வழியில் மலையில் மோதியது. அதிலிருந்த 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணத்தைக் கொடுப்பதும் இறங்கும் வேகத்தைக் கொடுப்பதும் அதில் ஒரே குமிழ்தான், எந்த வேலை என்பதை வேறொரு பட்டன் தீர்மானிக்கும். 3.3 டிகிரி கோணம் என்று நினைத்து விமானிகள் கொடுத்ததை, விமானம் நிமிடத்துக்கு 3300 அடி வேகம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது விசாரணையில் எழுந்த முக்கியமான விளக்கம். திரையில் கோணம் -3.3 என்றும், வேகம் கடைசி இரண்டு சைபர் இல்லாமல் -33 என்றும்தான் தெரியும். பிறகு வேகத்தை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினார்கள். மருந்துக்கடைக்கு இவ்வளவு பெரிய உதாரணமா என்று கேட்கலாம். ஆனால் ஒரே கை அசைவு, அந்த நேரத்து நிலையைப் பொறுத்து வேறு விளைவு என்ற அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

இதற்காக ஒரு பட்டனுக்கு ஒரு வேலைதான் என்று சட்டம் போடவும் முடியாது. ப்ளே, பாஸ் ஒரே பட்டனாக இருப்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை, பாட்டு ஓடுகிறதா என்று காதுக்கே தெரியும், தப்பாக அழுத்தினாலும் மறுபடி அழுத்தினால் தீர்ந்தது. ஜன்னலைப் பெரிதாக்கும் பட்டனும் அப்படியே. ஒன்றுக்கொன்று நேர் எதிரான, திருப்பிக்கொள்ள முடிகிற இரண்டு வேலைகள் என்றால் தாராளமாக ஒரே பட்டனில் வையுங்கள். எடிட், சேவ் ஓரளவு பரவாயில்லை. சேவ், டெலீட் கூடவே கூடாது.

நன்றாகச் செய்ததைப் பார்க்க வேண்டுமானால் உங்கள் பிரவுசரையே பாருங்கள். பக்கம் ஏறும்போது 'நிறுத்து', ஏறி முடிந்ததும் அதே இடத்தில் 'ரீலோடு'. நிறுத்தப் போகும் அதே கணத்தில் பக்கம் ஏறி முடிந்துவிட்டால் நம் கிளிக் மறுபடி முதலிலிருந்து ஏற்றிவிடும் அல்லவா? குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த நேரத்தில் மவுஸ் பட்டன் மேல் இருந்தால், சற்று நேரம் பட்டன் வேலை செய்யாமல் நிற்கும்படி எழுதியிருக்கிறார்கள். நீங்களும் செய்யலாம்: வேலை மாறிய நேரத்தைக் குறித்து வைத்து, டபுள் கிளிக் இடைவெளி கடக்கும்வரை வரும் கிளிக்கை விட்டுவிடுங்கள். 500 என்று எழுதிவிடாமல் சிஸ்டம்இன்ஃபர்மேஷன் கிளாஸில் இருக்கும் டபுள்கிளிக்டைமை எடுத்துக்கொள்ளுங்கள், கை நடுங்கும் பெரியவர்கள் அதைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

பட்டனின் டெக்ஸ்டை வைத்து நிலையை முடிவு செய்யும் பழக்கத்தை முதலில் விடுங்கள். நாளைக்கு ஆல்ட் கீயோடு வேலை செய்யட்டும் என்று எழுத்துக்கு முன்னால் ஒரு & குறி சேர்த்தாலே ஒப்பீடு பொய்த்துவிடும், கடைக்காரர் தமிழில் வேண்டும் என்று கேட்டாலும் அதே கதைதான். நிலையை ஃபார்ம் அளவில் ஒரு வேரியபிளில் வைத்து, எழுத்து, படம், எனேபிள்ட் எல்லாவற்றையும் ஒரே ப்ரொசீஜரில் அந்த வேரியபிளைப் பார்த்து மாற்றுங்கள். படம் மட்டும் உள்ள பட்டன் என்றால், திரை வாசிப்பான் படிக்கும் பெயரான அக்செஸிபிள்நேமையும் அங்கேயே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரை வாசிப்பானை நம்பி வேலை செய்கிறவருக்கு எப்போதும் பழைய பெயரே கேட்கும். சிலர் ஆட்ஹேண்ட்லர் போட்டு கிளிக்கோடு வேறொரு ப்ரொசீஜரை இணைத்து அதன் வேலையையே மாற்றுவார்கள். பழையதை ரிமூவ்ஹேண்ட்லர் செய்ய மறந்தால் ஒரே அழுத்தலில் இரண்டு வேலையும் நடக்கும், அந்தத் தொல்லையே வேண்டாம்.

எழுதி முடித்ததும் நீங்களே சோதிக்காதீர்கள், உங்கள் கை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கும். பில் போடுகிற ஒருவரை உட்கார வைத்து, டேட்டாபேஸ் சேமிப்பில் வேண்டுமென்றே ஐந்து நொடி தாமதம் வைத்து, ஒன்றும் சொல்லாமல் அவர் எத்தனை தடவை அழுத்துகிறார் என்று பாருங்கள். பிறகு ஃபோகஸ் பட்டன் மேல் இருக்கும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.