சொல் விளக்கம்: இழுத்துப் பார்

‘புத்துணர்ச்சி பெறக் கீழே இழுக்கவும்.’ விரல் கொஞ்சம் கீழே போனதும் அடுத்த வரி வருகிறது: ‘புத்துணர்ச்சி பெற வெளியிடவும்.’ இந்த இரட்டை வரியை நான் மூன்று செயலிகளில் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு முறை சிரித்தேன். மூன்றாவது, நானே வேலை பார்க்கும் செயலி. சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் மீனையும் அதன் விலையையும் பட்டியலிடுகிற சின்னச் செயலி அது. பட்டியலைக் கீழே இழுத்தால் புது விலை வரும்படி சென்ற மாதம்தான் சேர்த்தோம். அதற்கான சொற்கள் வெளியாளிடமிருந்து ஒரு தாளில் வந்தன. அவற்றோடு விடிகாலை ஏலத்தில் போய் நின்றவன் நான். நண்டு விற்கும் அக்கா ஒருவர் திரையை எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘தம்பி, புத்துணர்ச்சிக்கு ஒரு டீ போதாதா?’ என்றார்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘புல் டு ரெஃப்ரெஷ்’. லோரன் பிரிக்டர் என்பவர் ‘ட்வீட்டி’ என்ற செயலியில் அறிமுகப்படுத்தியது. 2010இல் அந்தச் செயலியை ட்விட்டர் வாங்கியது. 2013இல் இந்த இழுப்புக்குக் காப்புரிமையும் (பேடன்ட்) கிடைத்தது. ஆப்பிள் 2012இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 6உடன் இதைச் செயலி எழுதுவோருக்கான தன் கருவிகளில் ஒன்றாகவே வைத்துவிட்டது. ஆண்ட்ராய்டுக்கு 2014இல் ‘ஸ்வைப்ரெஃப்ரெஷ்லேஅவுட்’ என்ற ஆயத்த நிரல் துண்டு வந்தது. பட்டியலை அதற்குள் பொதிந்துவிட்டால் இழுப்பையும் சுழலும் வட்டத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். தரவு வந்து சேர்ந்ததும் வட்டத்தை நிறுத்தச் சொல்வது மட்டும் நம் பொறுப்பு. மறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். (எங்களுடையது முதல் நாள் அப்படித்தான் சுற்றியது.)

‘ரெஃப்ரெஷ்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். களைத்த உடம்பைத் தேற்றுவது அதன் நெடுநாள் பொருள். கணினிக்காரர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய பிக்சர் டியூப் திரையில் ஒளி உடனே மங்கிவிடும். ஆகவே படத்தை நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்பத் தீட்ட வேண்டும். நினைவகச் சில்லில் மின்னேற்றம் கசியும். அதைத் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். இரண்டுக்கும் ‘ரெஃப்ரெஷ்’ என்றார்கள். அங்கே எவருக்கும் களைப்பில்லை, உணர்ச்சியுமில்லை. அகராதியின் முதல் வரியோடு நின்றுவிட்டவருக்குத்தான் புத்துணர்ச்சி வரும்.

ஆங்கில ‘ரிலீஸ்’ என்பதற்கு வந்த ‘வெளியிடவும்’ அதைவிடக் கொடுமை. நாம் படத்தை வெளியிடுவோம், தேர்வு முடிவை வெளியிடுவோம். விரலை எங்கே வெளியிடுவது? வேறொரு செயலியில் ‘விடுவிக்கவும்’ என்று திருத்தியிருந்தார்கள். புழல் சிறையிலிருந்து ஆளை விடுவிக்கலாம். திரையிலிருந்து விரலை எடுப்பதற்கு ‘விடு’ என்ற இரண்டெழுத்து இருக்கிறது. தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் காற்றாடி விடுகிற பையனுக்கு எப்போது நூலை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தெரியும். அவனிடம் ‘விடுவி’ என்று சொல்லிப் பாருங்கள், யாரைப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று கேட்பான்.

‘கீழே தேய்க்கவும்’ என்றும் ஒரு கட்சி உண்டு. கடையில் கார்டைத் தேய்க்கிறோம் என்பதால் ‘ஸ்வைப்’ எல்லாமே தேய்ப்பு என்பது அவர்கள் கணக்கு. இந்த விரலசைவில் பட்டியல் விரலோடு கூடவே இறங்குகிறது, சற்று முரண்டும் பிடிக்கிறது. தமிழில் அது இழுப்பு.

இனி, பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்ட ‘புதுப்பி’க்கு வருகிறேன். பிழையில்லாத நல்ல சொல். என் சண்டை அதன் பிறப்போடு இல்லை, அதன் முதுகில் ஏற்றியிருக்கும் மூட்டைகளோடு. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், காப்பீட்டைப் புதுப்பிக்கிறோம், கோயிலைப் புதுப்பிக்கிறோம். செயலியின் அடுத்த பதிப்பை இறக்குவதையும் ‘புதுப்பி’ என்றே எழுதிவிட்டோம். சந்தா முடிந்தால் வருகிற அறிவிப்பும் ‘புதுப்பிக்கவும்’தான். இத்தனைக்கும் பிறகு மீன் விலைப் பட்டியலின் தலையில் ‘புதுப்பி’ என்று போட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? எங்கள் செயலியில் ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். ஐஸ் கடைக்காரர் ஒருவர் சட்டென்று போனைத் திருப்பிக் கொடுத்தார். பணம் பிடித்துக்கொள்ளும் என்று பயந்துவிட்டாராம். அவர் பயத்தில் தவறே இல்லை. அந்தச் சொல் அவரிடம் இதுவரை பணம் கேட்டுத்தான் வந்திருக்கிறது.

இன்னொரு குறை, பொருளில். ‘புதுப்பி’ பிறவினை, பழையதை எடுத்துப் புதியதாக ஆக்குவது. பட்டியலை இழுக்கும்போது பழைய வரி எதுவும் புதியதாவதில்லை. அந்தப் பக்கம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கிறோம், அவ்வளவுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் விசைப்படகுப் பட்டியலை நூறு முறை இழுத்தாலும் ஒரு வரி கூடாது. ‘புதுப்பித்தாயிற்று’ என்று செயலி சொன்னால் அது பொய்.

தூய தமிழ்க்காரரான என் நண்பர் ‘புத்தாக்கு’ என்கிறார். புதுப்பியைவிடப் புதிதாக இருக்கிறதாம். ‘புத்தாக்கம்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசின் ‘புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம்’ என்ற பெயரிலேயே அது இருக்கிறது. அங்கே அதற்குப் பொருள் புதிய கண்டுபிடிப்பு. வஞ்சிரம் விலை பார்க்க ஒரு மீன்காரி கண்டுபிடிப்பாளராக வேண்டுமா? தமிழ்ச் சொல் என்பதாலேயே ஒரு சொல் தெளிவாகிவிடாது. நானும் ‘ரெஃப்ரெஷ்’ என்று அப்படியே எழுதுகிற கட்சியில்லை. ஆனால் ‘புத்தாக்கு’ என்பதைவிட ‘ரெஃப்ரெஷ்’ அக்காவுக்குப் புரியும் என்றால் தோற்றவர் நண்பர்தான். இதை அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை.

என் சொல் ‘இழுத்துப் பார்’. இதில் ‘பார்’ துணைவினை: சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார். செய்து பார், பலன் வரலாம், வராமலும் போகலாம். கண்ணால் பார் என்ற பொருளும் கூடவே நிற்கிறது. வடசென்னைத் தெருக்களில் அடிபம்பின் முன்னால் குடத்தோடு நின்றவர்களுக்கு ‘அடித்துப் பார்’ என்பதன் முழுப்பொருள் தெரியும்; அதில் தண்ணீருக்கு உத்தரவாதம் கிடையாது. இந்த விரலசைவும் அதே சாதி.

கலைச்சொல் என்றால் பெயர்ச்சொல்லாக இருக்க வேண்டாமா என்பார்கள். ஆவணத்தில் எழுத ‘இழுத்துப் பார்த்தல்’ போதும். உண்மையான இடைஞ்சல் வேறு. விரலால் இழுக்க இயலாதவர்களுக்காக இதே வேலையைச் செயலியின் பட்டியிலும் (மெனு) ஒரு கட்டளையாக வைக்கச் சொல்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. அங்கே இழுப்பே இல்லை. அந்த இடத்துக்கு ‘வரத்து பார்’ என்று வைத்தேன். புழல் ஏரிக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்வரத்து, காசிமேட்டுக்கு மீன்வரத்து. செய்தித்தாள் படிப்பவருக்கு விளக்க வேண்டாத சொல். மின்னஞ்சலுக்கும் பொருந்தும். வங்கி இருப்புக்குப் பொருந்தாது, அங்கே ‘மறுபடி பார்’ என்று எழுதிக்கொள்ளட்டும். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவருக்குப் போனது திரை இல்லை, ஒரு விரிதாள். அதன் ஒரு கட்டத்தில் தனியாக ‘ரிலீஸ்’ என்று இருந்திருக்கும். அது விரலா, சினிமாவா, கைதியா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கேட்டிருக்கலாம். ஆனால் சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்குகிறவர் கேள்வி கேட்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? நாங்கள் கொடுக்கவில்லை.

போன வாரம் மாற்றிய செயலியோடு மறுபடி போனேன். அக்கா ‘இழுத்துப் பார்’ என்பதைப் படித்தார், இழுத்தார். ‘விடு’ என்று வந்தது, விட்டார். மூன்றாவது வரியை மாற்ற நான் மறந்திருந்தேன்: ‘ஏற்றப்படுகிறது.’ அவர் நிமிர்ந்து ஐஸ் வண்டிகள் நின்ற பக்கம் பார்த்தார். ‘எந்த வண்டியில் தம்பி?’ என்றார்.