ஃபர்ம்வேர் மாற்றினால் ரவுட்டருக்குள் என்ன நடக்கிறது?

2003ஆம் ஆண்டின் நடுவில், லிங்க்சிஸ் நிறுவனம் விற்றுவந்த டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுகிறது என்பது வெளியே தெரிந்தது. லினக்ஸை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், அதில் தப்பில்லை. ஆனால் அதன் ஜிபிஎல் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அதை வைத்துச் செய்த பொருளை விற்றால் மூலநிரலையும் தர வேண்டும். லினக்ஸ் உருவாக்குநர்கள் விடாமல் கேட்க, அதே ஆண்டு மூலநிரல் வெளியானது. அதிலிருந்து 2004இல் முளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி: ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் யாரும் நிறுவிக்கொள்ளக்கூடிய திறமூல ஃபர்ம்வேர். பெயரின் வால்பகுதியே அந்த ரவுட்டரிடமிருந்து வந்தது.

லிங்க்சிஸ் அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. 2005இல் அதே ரவுட்டரின் ஐந்தாம் பதிப்பில் ஃபிளாஷை (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தை) 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகவும், ரேமை 16 எம்பியிலிருந்து 8 எம்பியாகவும் வெட்டி, லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை வைத்தது. பழைய வன்பொருள்தான் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றை விற்றது. வெளியே ஒரே பெட்டி, உள்ளே வேறு சரக்கு. இந்தப் பழக்கம் இன்றுவரை பல நிறுவனங்களிடம் இருக்கிறது. ஃபர்ம்வேர் மாற்ற நினைப்பவர் முதலில் ரவுட்டரைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7இன் முதல் பதிப்பும் இரண்டாம் பதிப்பும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதல் பதிப்பில் இருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிப்பை இயக்கத் திறமூல டிரைவர் கிடையாது. இரண்டாவதில் எல்லாம் வேலை செய்யும்.

எதற்கு இந்த வேலை? நிறுவனங்கள் ஒரு மாடலுக்குச் சில ஆண்டுகள்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் தருகின்றன. பெட்டி நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருக்கும் மென்பொருள் பழசாகி, ஓட்டைகளோடு நிற்கும். அந்தப் பெட்டிக்கு இன்னொரு ஆயுள் கொடுக்கத்தான் பெரும்பாலானோர் இதில் இறங்குகிறார்கள். இறங்கியதும் வரும் பயம், பெட்டி செத்துப்போய்விடுமோ என்பது. அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் என்பது ஃபிளாஷின் அமைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டு ரவுட்டரின் ஃபிளாஷ் பெரும்பாலும் 16 எம்பி, புதியவற்றில் 128 எம்பி. அது சில பகுதிகளாகப் பிரிந்திருக்கும். தொடக்கத்தில் பூட்லோடர். பெரும்பாலும் யூ-பூட் என்ற நிரல், சில நூறு கிலோபைட்தான். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். ரேமைத் தயார் செய்து, லினக்ஸின் மையமான கெர்னலைத் தேடி எடுத்து ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இன்னொரு சிறு பகுதியில் வைஃபையின் அளவீட்டுத் தகவல்களும் பெட்டியின் அடையாள எண்களான மேக் முகவரிகளும் இருக்கும். தொழிற்சாலையில் அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் ரேடியோவை அளந்து எழுதிய எண்கள் அந்த அளவீடுகள். அதே மாடலின் வேறொரு பெட்டியிலிருந்து நகலெடுத்தால் முழுதாகப் பொருந்தாது. மீதி இடம் முழுக்க ஃபர்ம்வேருக்கு.

நாம் ஃபர்ம்வேர் மாற்றும்போது வழக்கமாக எழுதப்படுவது அந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான். பூட்லோடரையும் அளவீட்டுப் பகுதியையும் நிறுவல் தொடுவதில்லை. நடுவில் கரண்ட் போய் ஃபர்ம்வேர் அரைகுறையாக நின்றாலும் பூட்லோடர் உயிரோடு இருக்கும். பூட்லோடரையே மாற்றச் சொல்லும் சில மாடல்களில்தான் ஆபத்து நிஜமானது. அந்த வேலையை யூபிஎஸ் இல்லாமல் தொடக் கூடாது.

ஃபர்ம்வேர் பகுதிக்குள்ளும் இரண்டு அடுக்கு உண்டு. கீழே, இறுக்கிச் சுருக்கிய, படிக்க மட்டுமே முடிகிற கோப்பு முறைமை. அதன் மேலே நம் கடவுச்சொல், வைஃபை பெயர், பிறகு நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் எழுதப்படும் மெல்லிய அடுக்கு. அச்சடித்த பக்கத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து அதில் கிறுக்குவதைப் போல. படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பக்கமாகத் தெரியும். ரீசெட் செய்தால் மேல் அடுக்கு மட்டும் அழிந்து, கீழே இருப்பது அப்படியே வெளிப்படும். அமைப்பில் எதையாவது குளறுபடி செய்து உள்ளே நுழையவே முடியாமல் போனால் உதவும் ஃபெயில்சேஃப் என்ற வழியும் இதை நம்பித்தான் இருக்கிறது. ரவுட்டர் எழும்போது விளக்கு மினுக்கத் தொடங்கியதும் ஒரு பட்டனை அழுத்தினால் மேல் அடுக்கைக் கண்டுகொள்ளாமல் எழும். கணினிக்கு 192.168.1.2 என்று நாமே முகவரி கொடுத்து, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளைகளைத் தட்டி இயக்கும் முறை) வழியாக 192.168.1.1க்குள் போய்ச் சரிசெய்யலாம்.

நிறுவலில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. நிறுவனத்தின் சொந்த ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறுகிறவர் ஃபேக்டரி என்ற கோப்பை எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி இருந்தால் சிஸ்அப்கிரேட் என்ற கோப்பு. இறக்கிய கோப்பின் ஷா256 கூட்டுத்தொகை (கோப்பு சிதையவில்லை என்று காட்டும் எண்) தளத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, பழைய ஃபர்ம்வேரின் அப்கிரேட் பக்கத்தில் கொடுத்தால் போதும். முடிந்ததும் வைஃபை தெரியவில்லையே என்று பதற வேண்டாம். கடவுச்சொல் இல்லாத வைஃபையைத் திறந்துவைக்கக் கூடாதென்று பெரும்பாலான மாடல்களில் அதை அணைத்தேதான் தருகிறார்கள். லேன் கேபிள் செருகி உள்ளே போக வேண்டும். ஃபைபர் கம்பி நேராக வந்து சேரும் ஓஎன்டி பெட்டியை மட்டும் இந்த விளையாட்டில் சேர்க்காதீர்கள். அதை பிரிட்ஜ் முறைக்கு (இணைப்பை அப்படியே கடத்திவிடுவது மட்டும்) மாற்றிவிட்டு, பின்னால் நம் ரவுட்டரை வைப்பதே வழி.

ரவுட்டர் எழவே இல்லையென்றால் டிஎஃப்டிபி, அதாவது கேபிள் வழியாகக் கோப்பை அனுப்பும் எளிய முறை. ரீசெட் பட்டனை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், பல ரவுட்டர்களின் பூட்லோடர் கேபிளின் மறுமுனையில் ஒரு கோப்பைக் கேட்கும். ஆர்ச்சர் சி7 என்றால் 192.168.0.66 என்ற முகவரியில், தனக்கென்று குறித்த பெயரில் கேட்கும். கணினி அந்த முகவரியில் கோப்பை வைத்துக் காத்திருக்க வேண்டும். இது தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டர் இல்லை. கணினியின் ஃபயர்வால் கோரிக்கையை மறிக்கும். அல்லது கேபிளில் இணைப்பு வந்துவிட்டது என்று கணினி உணர்வதற்குள் பூட்லோடர் கேட்கும் சில நொடிகள் கடந்துபோயிருக்கும். நடுவில் ஒரு சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சை வைத்தால் கணினியின் இணைப்பு அறுபடாமல் இருக்கும், கோப்பும் போய்ச் சேரும்.

சரி, எழுந்துவிட்டது, இணையம் வரவில்லை. புது ஃபர்ம்வேர் மேல் பழி போடுவதற்கு முன் கீழிருந்து மேலாக ஏறிப் பார்க்க வேண்டும். அடிக்கடி நடப்பது முகவரி மோதல். ஓப்பன்டபிள்யூஆர்டியும் 192.168.1.1, முன்னால் இருக்கும் ஓஎன்டி பெட்டியும் 192.168.1.1. இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை இருந்தால் பொட்டலத்தை (தரவின் சிறு துண்டை) எந்தப் பக்கம் தள்ளுவதென்று ரவுட்டருக்குத் தெரியாது. நம்முடையதை 192.168.2.1 ஆக்கினால் தீர்ந்தது. சில இணைய சேவை நிறுவனங்கள் முதலில் பார்த்த மேக் முகவரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அங்கே பழைய பெட்டியின் மேக்கை நகலெடுத்துக் கொடுக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டு விடுவிக்கச் சொல்ல வேண்டும்.

ஆளைக் குழப்புவது பாதி வேலை செய்யும் இணைப்பு. பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொட்டலம்) போகிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில தளங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ இணைப்பில் இப்படி நடந்தால் எம்டியூவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, சந்தேகியுங்கள். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை சுமக்கும். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. தொலைவிலுள்ள சர்வர் 1500 பைட் பொட்டலத்தை உடைக்கக் கூடாது என்ற குறியோடு அனுப்பினால், வழியில் அது கைவிடப்படும். இவ்வளவு பெரிசு போகாது என்று ஐசிஎம்பி என்ற வகை அறிவிப்புச் செய்தி ஒன்று சர்வருக்குத் திரும்ப வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாக மறித்துவைத்திருக்கும் இடங்களில் அந்தச் செய்தி சேராது. சர்வர் அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும், நம் திரையில் வட்டம் சுற்றும். சோதிப்பது சுலபம்: உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட் பிங் போய், 1465 போகவில்லையென்றால் எல்லை 1492. தலைப்புகளின் 28 பைட்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சரியாக வரும்.

இதற்கு மருந்து எம்எஸ்எஸ் கிளாம்பிங். இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் ஒரு பொட்டலத்தில் தாங்கள் ஏற்கும் தரவின் உச்ச அளவைச் (அதுதான் எம்எஸ்எஸ்) சொல்லிக்கொள்ளும். ரவுட்டர் நடுவில் புகுந்து 1460ஐ 1452 என்று மாற்றிவிடும். சர்வரும் சிறிய பொட்டலங்களாகவே அனுப்பும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் வேன் பகுதிக்கு (இணையம் வரும் பக்கத்துக்கு) இது தொடக்கத்திலேயே இயங்கும். விபிஎன்னுக்கென்று புதிதாக ஒரு ஃபயர்வால் பகுதி உருவாக்குகிறவர்கள்தான் அங்கே இதை இயக்கிவிட மறந்துபோகிறார்கள்.

கடிகாரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. பெரும்பாலான ரவுட்டர்களில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தால் மணி என்னவென்று அதற்குத் தெரியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி ஒரு சாமர்த்தியம் செய்கிறது: அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாறியது எதுவென்று பார்த்து, அந்தத் தேதியையே இப்போதைய நேரமாக வைத்துக்கொள்ளும். பிறகு என்டிபி சர்வரிடம் சரியான நேரத்தைக் கேட்கும். அந்த சர்வரின் பெயரை முகவரியாக்க டிஎன்எஸ் வேண்டும். மறைகுறியாக்கிய டிஎன்எஸ் போட்டிருந்தால், எதிர்முனைச் சான்றிதழ் செல்லுமா என்று பார்க்கச் சரியான தேதி வேண்டும். தேதிக்கு டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸுக்குத் தேதி வேண்டும். ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் இணையம் வர அடம்பிடிக்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். என்டிபி சர்வரை எண் முகவரியாகவே கொடுத்துவிட்டால் முடிச்சு அவிழும். வயர்கார்டு விபிஎன்னும் இதில் மாட்டும்: முந்தைய கைகுலுக்கலைவிடப் பழைய நேரமுத்திரையோடு வந்தால், யாரோ பழைய பொட்டலத்தை மறுபடி அனுப்புகிறார்கள் என்று எண்ணி எதிர்முனை பேசாமல் இருந்துவிடும்.

வைஃபையில் ஒன்று சொல்லலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் பல சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், ரவுட்டர் பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிட மௌனத்தைப் பழுது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு. காத்திருக்கப் பிடிக்காவிட்டால் 36ஐ வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக் குறியீட்டை மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள். எந்த சேனல், எவ்வளவு சக்தி என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் டிரைவர் முடிவுசெய்கிறது.

எல்லாம் ஓடிய பிறகு பலர் தேடிப்போவது எஸ்க்யூஎம், அதாவது பொட்டலங்களின் வரிசையை நிர்வகிக்கும் வசதி. ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு திக்குவது, மோடத்தின் நினைவகத்தில் பொட்டலங்கள் நீளமாக வரிசைகட்டி நிற்பதால். எஸ்க்யூஎம்மில் வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதம் என்று வைத்தால் வரிசை ரவுட்டருக்குள்ளேயே உருவாகும், அங்கே கேக் என்ற நிரல் ஒவ்வொரு சாதனத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் சிபியூ கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், வன்பொருளே பொட்டலங்களைக் கடத்திவிடும் வசதியை இதோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது. ஆர்ச்சர் சி7 வயதுள்ள பெட்டிகள் 100 எம்பிபிஎஸ் இணைப்பைச் சமாளிக்கும். 300 எம்பிபிஎஸ் வாங்கி வைத்திருப்பவர் எஸ்க்யூஎம்மை அணைத்துவிட்டுத் திக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது வேகத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கலாம். வீட்டில் வீடியோ அழைப்பிலேயே வேலை பார்க்கிறவர் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.